விடுன்னா நிறுத்து

மீட்டரை நான் அடிச்சேன். நானே முதல்ல சொல்லிடறேன். ஹெல்மெட்டால அடிச்சேன், கையால அடிச்சேன், கீழ விழுந்தப்புறம் பூட்ஸ் காலால மிதிச்சேன். மூக்கு உடைஞ்சுது. முன்பல் ரெண்டு என் பட்டறைத் தரையிலதான் எங்கயோ கிடக்கும்.

மீட்டர் என்கூடப் படிச்சவன். ஜவுளிக் கடையில இருபது வருஷம் துணி அளந்தான், அதான் அந்தப் பேரு. கடையை மூடிட்டாங்க. போன்ல ஒரே அழுகை. "மாப்ள, எப்படியாவது என்னை அங்க கூப்பிட்டுக்கடா." எனக்கு மனசு கேக்கல. இங்க நான் இரும்புப் பட்டறை வச்சிருக்கேன், வெளிநாட்டுலேருந்து ஆள் எடுக்கலாம். ஆனா துணி அளக்கறவனுக்கு விசா தரமாட்டாங்க. கிரேன் ஓட்டறவனுக்குத் தருவாங்க. நிஜமாவே கிரேன் தெரிஞ்ச ஒருத்தன் சான்றிதழோட மனு போட்டிருந்தான். அவன் காகிதத்தை ஓரமா தள்ளிட்டு, "எட்டு வருஷ அனுபவம், நானே சோதிச்சுப் பாத்தேன்"னு மீட்டருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிநேகிதனுக்கு நல்லது பண்றேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போட்டேன், மடையன்.

"அவர் கிரேனைக் கண்ணாலயாவது பாத்திருக்காரா?"ன்னு என் பொண்டாட்டி கேட்டா.

"பொத்தான் அமுக்கறதுக்குப் படிச்சிட்டு வேற வரணுமா? பதினேழு வருஷம் ஓட்டினவன் நான். ஒரே வாரத்துல சொல்லிக் குடுத்துடுவேன்."

ரெண்டே நாள்தான் சொல்லிக் குடுத்தேன். ஏறு, இறங்கு, இடது, வலது. அதுக்குள்ள வேலை தலைக்கு மேல வந்துடுச்சு.

பட்டறைக் கூரையில தண்டவாளம் மேல கிரேன் ஓடும். அதுலேருந்து ஒரு பெட்டி தொங்கும், பொத்தானெல்லாம் அதுலதான். பெட்டியைப் பிடிச்சவன் கண்ணு சைகை காட்டறவன் கைமேலயே இருக்கணும். வாய் பேசறது கணக்கே இல்ல. முஷ்டியை மடக்கித் தூக்கினா நிறுத்து, அவ்வளவுதான். இதை நான் மீட்டருக்குச் சொல்லவே இல்ல.

சைகை காட்டறவன் என் மச்சினன், பொண்டாட்டிக்கு ஒரே தம்பி. முப்பது வயசு. தொழில் தெரிஞ்சவன், என்னை மாதிரி வாய்ச்சவடால் கிடையாது.

அன்னைக்கு மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. ஒரே ஒரு இரும்பு உத்தரம் பாக்கி. "இதையும் முடிச்சிட்டுப் போங்கப்பா"ன்னு ரெண்டு பேரையும் நான்தான் நிறுத்தி வச்சேன். தூக்கும்போது உத்தரத்தோட ஒரு முனை பக்கத்து அடுக்குல மாட்டிக்கிச்சு. மீட்டர் பதறிப்போய் மேல மேல இழுக்கறான். உத்தரத்தைக் கட்டித் தூக்கற பெல்ட் விறைச்சு நிக்குது. மச்சினன் முஷ்டியைத் தூக்கினான். மீட்டர் திருதிருன்னு முழிச்சான். கை புரியலன்னு பாத்ததும் மச்சினன் வாயால கத்தினான்.

"விடுண்ணே! விடு விடு!"

ரெண்டு பேர் மல்லுக்கட்டினா "விடுப்பா"ன்னு சொல்றோமில்ல? போதும், கையை எடுன்னு அர்த்தம். அதைத்தான் அவன் சொன்னான். மீட்டர் காதுல விழுந்தது வேற. விடுன்னா கீழ விடு. இறக்கற பொத்தானை அழுத்திப் பிடிச்சுக்கிட்டான். பெல்ட் தொய்ஞ்சு கழண்டுது, உத்தரம் நழுவி உருண்டு மச்சினனைத் தள்ளி அவன் தொடைமேல உக்காந்துச்சு. எலும்பு நொறுங்கின சத்தம் வாசல்ல நின்ன எனக்கே கேட்டுது.

"மாமா!"ன்னு ஒரு அலறல். ரத்தம் குழாய் உடைஞ்ச மாதிரி வருது. உத்தரத்தைத் தூக்கணும், தொடையை இறுக்கிக் கட்டணும். இல்லேன்னா ஆள் போயிடுவான். இது எனக்குத் தெரியாதா?

நான் ஓடினேன். மீட்டர்கிட்ட ஓடினேன்.

சட்டையைப் பிடிச்சு இழுத்து, அவன் தலையில இருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கி முகத்துலயே அடிச்சேன். "கொன்னுட்டியேடா பாவி!" இன்னொண்ணு. பல்லு தெறிச்சுது. "மாப்ள, பெட்டி... பெட்டி..."ன்னு ரத்தத்தோட உளர்றான். "பெட்டிமேலயா பழி போடற நாயே!"ன்னு வயித்துல உதைச்சேன். சுருண்டு விழுந்தான். குனிஞ்சு காலரைப் பிடிச்சுத் தூக்கித் திரும்ப அடிச்சேன். என் விரல் முட்டியெல்லாம் கிழிஞ்சுது. வெறி. அடிக்க அடிக்க எனக்கு ஏதோ வேலை நடக்கற மாதிரியே இருந்துச்சு.

சத்தம் கேட்டு, சாப்பிடப் போயிருந்த எங்க பட்டறைப் பெயிண்டர்தான் ஓடி வந்தான். என்னை நெஞ்சுல கை வச்சுத் தள்ளிட்டு, பெல்ட்டை மாட்டி, பெட்டியைப் பிடிச்சு, உத்தரத்தைத் தூக்கினான். தன் சட்டையைக் கழட்டி மச்சினன் தொடையில கட்டினான். நான் ஹெல்மெட்டும் கையுமா நின்னேன்.

மச்சினன் ஆஸ்பத்திரி போய்ச் சேரல. ஆம்புலன்ஸ்லயே முடிஞ்சுது. "ஒரு நாலஞ்சு நிமிஷம் முன்னாடி கட்டியிருந்தா பொழைச்சிருப்பார்"னு டாக்டர் சொன்னப்போ, நான் மீட்டரைத்தான் திட்டினேன்.

நாலாம் நாள் விசாரணை அதிகாரி வந்தார். அனுபவக் கடிதத்தை மேசைமேல வச்சார். பொய்தான்னு ஒத்துக்கிட்டேன். "உங்க உரிமம் போகும், கேசும் வரும். அவரைத் திருப்பி அனுப்பிடுவோம்"னார். மீட்டர் மூக்குல கட்டோட ஆஸ்பத்திரியில கிடந்தான். போகட்டும் சனியன்னு நினைச்சேன்.

"கேமராவுல பதிவாகியிருக்கு. நீங்க பாக்க வேண்டாம்மா"ன்னு என் பொண்டாட்டியைப் பாத்து அதிகாரி சொன்னார். "என் தம்பி. நான் பாக்கணும்"னா.

சத்தம் இல்லாத படம். ஓரத்துல கடிகாரம் ஓடுது. ஒண்ணு பன்னெண்டுக்கு உத்தரம் விழுது. நான் உள்ள ஓடி வரேன். மச்சினன் என்னைப் பாத்துக் கையை நீட்டறான். நான் அவனைத் தாண்டிப் போறேன். அடிக்கறேன். அடி வாங்கிக்கிட்டே மீட்டர் ஒரு கையால தொங்கற பெட்டியைக் காட்டறான், இன்னொரு கையால என்னை அது பக்கம் இழுக்கறான். நான் அந்தக் கையையும் முறுக்கறேன். பின்னாடி மச்சினன் வாய் திறந்து திறந்து மூடுது. அவன் கை கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்குது. ஒண்ணு பதினேழுக்குப் பெயிண்டர் வரான்.

அவ அழல. "இன்னொரு தடவை போடுங்க"ன்னா. போட்டார். முழுசாப் பாத்தா. அப்புறம் என் பக்கம் திரும்பினா.

"அவருக்குத்தான் கிரேன் தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும்னேன்.