ஸமீமின் வண்டி

லுணுகலைக் கடைத்தெருவில் தன் கடையில் ஸமீம் சீட்டித் துணியை அளந்துகொண்டிருந்தான். எதிரே தேயிலைத் தோட்டத்துப் பெண் பாக்கியலெட்சுமி நின்றாள்.

"சட்டசபைக்கு ஆளு எடுக்கறாங்களாமே, மொதலாளி. இங்க பிரசவ ஆசுபத்திரி கொண்டாறேன்னு ஒரு வக்கீல் ஐயா சொன்னாராம். அவருக்குத்தானே போடுவீங்க?"

"ஒனக்கென்ன அதுல?"

"எங்களுக்கு ஏதுங்க ஓட்டு. எம்மவளுக்கு வலி எடுத்தப்ப கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு ஓடுனோம். பதுளை ஆசுபத்திரி போய்ச் சேரல. அதான் கேட்டேன்."

ஸமீம் துணியைக் கிழித்து மடித்தான்.

அது 1924. சொத்தோ வருமானமோ உள்ள, எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்களுக்கு மட்டுமே வாக்கு. இலங்கையின் ஊவா மாகாணத்தில் மூவர் போட்டியிட்டார்கள். வக்கீலுக்கும் வெலிமடை நிலக்காரர் ஒருவருக்கும் இடையில்தான் இழுபறி. ஸமீமின் மனைவி ஸவாஹிராவுக்கு எட்டாம் மாதம். அவளுடைய முதல் பிள்ளை பதுளைக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியிலேயே பிறந்து, அங்கேயே இறந்தது. ஸமீம் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் வக்கீலுக்காக வாக்குக் கேட்டு ஊர் ஊராக அலைந்தவன் ஷுக்ரி.

ஷுக்ரியும் துணிக்கடைக்காரன்தான். ஒரு கல்யாண வீட்டில், பலர் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் சஹனில், ஸமீம் வந்து உட்கார்ந்ததும் "எனக்குப் பசியில்ல" என்று அவன் எழுந்து போனான். போனவன் அடுத்த சஹனில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான். பந்தியே பார்த்தது. அன்றிலிருந்து, எழுந்து போன அந்த முதுகை நினைக்காமல் ஸமீமுக்கு ஒரு பிடி சோறு இறங்கவில்லை.

"வக்கீல் தோக்கணும்," என்றான் வீட்டில். "ஷுக்ரிட மூஞ்ச நான் பாக்கணும். அது போதும்."

"அப்ப ஆஸ்பத்திரி?" என்றாள் ஸவாஹிரா.

"அதுக்கு இன்னும் காலம் ஈக்குது."

வாக்களிப்பு பதுளையில். ஸமீம் தன் வண்டியில் வைக்கோல் பரப்பி, வாக்குள்ள உறவினர்களை ஏற்றிக்கொண்டு போனான்.

"ஷுக்ரிக்கு இனித்தான் மெய்யாப் பசிக்காது," என்றான் ஒரு மச்சான். வண்டி குலுங்கச் சிரித்தார்கள். எல்லோரும் நிலக்காரருக்கே வாக்களித்தார்கள்.

நிலக்காரர் வென்றார். ஸமீமின் வண்டியில் போனவர்களின் தொகையைவிட வாக்கு வித்தியாசம் குறைவு. சேதி வந்ததும் ஸமீம் ஷுக்ரியின் கடைக்கு முன்னால் மெதுவாக நடந்தான். ஷுக்ரி தலை நிமிரவில்லை. ஸமீமுக்கு நாக்கில் இனித்தது.

வீட்டுக்கு வந்து, "நெய்ச்சோறு ஆக்கு," என்றான். "வண்டியில வந்தவங்க எல்லாரும் சஹனுக்கு வாராங்க. நான் வண்டியக் கழுவி வெக்கிறேன்."

ஸவாஹிரா முற்றத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வைக்கோல எடுக்க வாணாம்."

"ஏன்?"

"அடுத்த மாசம் என்னயும் இதுலதானே ஏத்தணும். மூத்த புள்ள மவுத்தானதும் இதுலதான்."

ஸமீம் வாளியைக் கீழே வைத்தான்.

"ஷுக்ரி ஒங்கட சஹன விட்டுத்தான் எழும்பினான். நீங்க என்னய விட்டு எழும்பிட்டீங்க. அவன் நாளைக்கு வழமபோல கடயத் தொறப்பான். அவன்ட பொஞ்சாதி புள்ளகளப் பெத்து முடிச்சவ. எனக்கும் அந்தத் தோட்டத்துப் பொம்பளைகளுக்கும் வோட்டு இல்ல. எங்கட வோட்டும் ஒங்கட கையிலதான் இருந்திச்சு. அதால நீங்க பழி தீத்துக்கிட்டீங்க. வோட்டு பழி தீக்கத் தந்ததில்ல. வோட்டு இல்லாதவங்களயும் நெனச்சுத்தான் அதப் போடணும்."

அன்று நெய்ச்சோறு ஆக்கப்படவில்லை. வந்தவர்களை ஸமீம் வாசலிலேயே திருப்பி அனுப்பினான். பிறகு வண்டிக்குள் ஏறி, வைக்கோலை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். அடியில் பலகை தட்டியது. இன்னும் ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து போட்டு, மறுபடியும் அழுத்தினான். அப்போதும் பலகை தட்டியது.