மூடி போட்ட மின்சாரம்

புயல் போய் மூன்று நாளாகியும் தெருவில் யார் வீட்டுக்கும் கரண்ட் திரும்பவில்லை. அதில் ஒரு வீட்டு மருமகளுக்கு இருட்டுகூடக் கவலையில்லை. போனில் மிச்சமிருந்த இரண்டு சதவீதம்தான் கவலை. பதினோரு மணிக்குப் பெரிய தையல் கம்பெனியிலிருந்து கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். துணி வெட்டும் பிரிவுக்கே தலைமை வேலை. எட்டு வருடமாக அடுத்தவர் போட்ட கோட்டில் கத்தரி ஓட்டியவள் அவள். போனை எடுக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பழைய தண்ணீர் கூலர்களிலிருந்து பிஸ்கட் அளவில் நாலு வெள்ளைத் தகடுகளைக் கழற்றிவந்தான். "இதுக்குக் கரண்ட் குடுத்தா ஒரு பக்கம் சுடும், மறுபக்கம் ஜில்லுன்னு ஆகும். நாம தலைகீழா பண்றோம். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி. அது நமக்குக் கரண்ட் குடுக்கும்."

விறகடுப்பின் மேல் கனத்த இரும்புத் தட்டு, அதன்மேல் தகடுகள், தகடுகளின் மேல் பச்சைத்தண்ணீர் நிறைந்த அலுமினியப் பாத்திரம், அங்கிருந்து போனுக்கு ஒரு முழ ஒயர். பத்து மணிக்குப் போனில் சார்ஜ் ஏறும் மின்னல் குறி தெரிந்தது. மனிதனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விறகு எடுக்கப் பின்கட்டுக்குப் போனான்.

திரும்பி வந்தால் குறியைக் காணோம்!

"சூடு பத்தல," என்று விறகைத் திணித்தான். வீடு புகைந்ததுதான் மிச்சம். பிறகு ஒயரை அவிழ்த்தான், முறுக்கினான், ஊதினான். மெக்கானிக் ஆயிற்றே, கோளாறு ஒயரில்தான் இருக்க வேண்டும். மணி பத்தே முக்கால். மருமகளே அடுப்பருகே வந்து குனிந்து பார்த்தாள்.

துணி வெட்டுகிறவள் கண்ணுக்குத் துணிதான் முதலில் படும். பாத்திரத்துக்கு மூடி, அதைச் சுற்றித் தடித்த துண்டு.

"அத்தை, இதுக்கு யாரு போர்வை போத்தினது?"

"நான்தான்," என்றார் மாமியார் பெருமையாக. அடுப்பில் எது ஏறினாலும் மூடி போடாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். "உன் புருஷன் தண்ணியைக் காய வச்சுட்டு அப்படியே போயிட்டான். குளிக்க ஆகுமேன்னு மூடி வச்சேன்."

"ஐயோ, அது ஆறியிருந்தாத்தான் கரண்ட்டு வரும்!"

"அடுப்பு மேல வச்சா எப்படிம்மா ஆறும்?"

நியாயமான கேள்வி. மெக்கானிக் துண்டை உருவி மூடியைத் திறந்தான்.

சுடுதண்ணீரை மொண்டு கொட்டிப் பச்சைத்தண்ணீர் ஊற்றியதும் மின்னல் குறி வந்தது. ஆனால் நாலு நிமிஷத்துக்குள் அதுவும் சுட்டது. கணவன் குழாயடிக்கும் அடுப்புக்குமாக ஓடினான். மொள்ளும் வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். போன் மூன்று சதவீதத்துக்கு ஏறி மணியடித்தபோது, மருமகள் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, ஒயர் பிடுங்கிக்கொள்ளாமல் காதைச் சாய்த்துக்கொண்டாள்.

"துணி வீணாகாம எப்படி வெட்டுவீங்க?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

மருமகள் கடகடவென்று சொன்னாள். பெரிய துண்டுகளை முதலில் பரப்புவது, இடுக்கில் காலரைப் படுக்கப் போடுவது, எதையும் தூக்கி எறியாமல் இருப்பது. இந்தப் பக்கம் மாமியார் வாளியை நிரப்பினார், அண்டாவை நிரப்பினார். அப்புறம் ஊற்ற இடமில்லை. கையில் ஆவி பறக்கும் செம்போடு ஒரு கணம் நின்றார். மருமகளின் முகத்தைப் பார்த்தார். அப்படியே கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார். சளாரென்ற சத்தம் போன் வரை கேட்டது.

"ஹலோ? அங்க என்ன சத்தம்?"

மாமியார் குனிந்து போனிடம் வாயைக் கொண்டுபோனார். "நான் அவளோட மாமியார். போன் அணையாம இருக்க நல்ல சுடுதண்ணியைக் கொட்டிக்கிட்டு இருக்கேன். என் வயிறு எரியுது. சட்டுனு வேலையைக் குடுத்துட்டு அப்புறம் வைங்கம்மா."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. "திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

"வருவா," என்று மருமகளைக் கேட்காமலேயே சொல்லிவிட்டு, அடுத்த செம்பை மொண்டார் மாமியார்.