விலை போடாத மீன்

கிறிஸ்தவக் கோயிலில் மத்தியானம் பன்னிரண்டு மணிச் செபத்துக்கான திரிகால மணி அடித்தது. லவீனா ஒரு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவள் வேலை செய்த காப்புறுதி நிறுவனம் யாழ்ப்பாணக் கிளையில் ஆட்களைக் குறைத்தது. மாற்றலாகிப் போகிறவர்களுக்கு இரண்டு இடங்கள் கொடுத்தார்கள். கிளிநொச்சி, அல்லது வவுனியா. சம்பளம் இரண்டிலும் ஒன்றுதான். கிளிநொச்சி என்றால் குருநகர் வீட்டிலிருந்து நாளும் பஸ்ஸில் போய் வரலாம். வவுனியா என்றால் அங்கே அறை எடுக்க வேண்டும்.

அவளுக்கு வவுனியாதான் வேண்டும். மூன்று நாளாகச் சொன்னாள். வீட்டில் ஒருவரும் அதை ஒரு பதிலாக எடுக்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டார்கள்.

மாமா செபமாலை அம்மாவின் தம்பி. மீன் லொறி ஓட்டுபவர். வட மாகாணத்தில் அவர் சாப்பிடாத ஊர் இல்லை, விலை கேட்டுச் சண்டை பிடிக்காத கடையும் இல்லை. முன்விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.

"கிளிநொச்சியிலை சோத்துப் பாசல் மலிவு. ஆனால் கறி தண்ணி. வவுனியாவிலை சரியான உறைப்பு. சாப்பிட்டு முடியச் சோடா வாங்க வேணும். அதையும் சேர்த்துக்கொள்."

"மாமா, நான் கடைக்குச் சாப்பிடப் போகேல்லை. வேலைக்குப் போறன்."

"பொறு பிள்ளை. ஒழுங்காய்ப் பாப்பம்."

அண்ணன் ஜெரிசன் கைபேசியில் கணக்குப் போடத் தயாராக நிலத்தில் இருந்தான். அப்பா அடைக்கலநாதன் சாய்வுக் கதிரையில் கண்ணை மூடிக் கிடந்தார். இருவரும் இரவு கடலுக்குப் போய் விடியக் கரைக்கு வந்தவர்கள். தூங்கியிருக்க வேண்டிய நேரம். அம்மா அருமைநாயகி குசினி வாசலில் குந்தியிருந்து மீன் வெட்டினாள்.

முதலில் கிளிநொச்சி. பஸ் காசு. விடியுமுன் பஸ் நிலையத்துக்கு ஓட்டோ, இருட்டியபின் திரும்பி வர ஓட்டோ. மழைக்காலத்தில் பஸ் தவறினால் பிறைவேற் வான்.

"மத்தியானச் சாப்பாடு?" என்றான் ஜெரிசன்.

"அம்மா கட்டித் தருவா," என்றார் மாமா. "அதுக்கு ஒண்டும் போடாதை."

"அம்மா எத்தினை மணிக்கு எழும்ப வேணும்?" லவீனா கேட்டாள்.

"அவ எப்பிடியும் எழும்பிறவதானே."

அம்மா அடுத்த மீனை எடுத்து வெட்டினாள்.

பிறகு வவுனியா. அலுவலகத்துத் தோழி மதுராவும் அங்கேதான் போகிறாள். இருவருக்கும் ஒரு அறை, பின்னால் சமைக்க ஒரு பத்திச் சாய்ப்பு. வாடகை பாதி. கறண்ட், தண்ணி. மாமா வவுனியாத் தண்ணியைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்தார். அரிசியும் மிளகாய்த்தூளும் தேங்காயும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும். மரக்கறி மட்டும் அங்கே வாங்கலாம். மாதம் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போகிற காசு.

ஜெரிசன் கூட்டினான். திரும்பவும் கூட்டினான்.

"என்னடா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"வவுனியா கொஞ்சம்தான் கூட."

"எவ்வளவு?"

"ரெண்டாயிரம் வராது."

மாமா கதிரையில் நிமிர்ந்தார். "ரெண்டாயிரத்துக்காகப் பிள்ளையை நெடுகப் பஸ்ஸிலை வைச்சு உலுப்புறதே? அத்தான், உது சரிவராது. வவுனியா மோசமில்லை."

லவீனா அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்திருந்தார். கால்களைக் கீழே இறக்கி, சரி என்று சொல்லப்போகிறவர் போல நெஞ்சைத் தடவினார்.

"மீன் போடேல்லை," என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"வவுனியாவிலை பிள்ளை மீனுக்கு என்ன செய்யும்? ஒருதரும் மீனுக்குக் காசு போடேல்லை."

ஜெரிசன் தொடையில் அடித்துச் சிரித்தான். அந்த வீட்டில் ஒருவரும் மீனுக்கு விலை போட்டுப் பழகவில்லை. படகு கரைக்கு வந்ததும், விற்குமுன், கடலுக்குப் போனவர்களின் வீட்டுக்குக் கறிமீன் ஒதுக்கிவிடுவார்கள். ஏலம் அதற்குப் பிறகு. கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து அருமைநாயகி சந்தையில் ஒரு மீன் வாங்கியதில்லை. அவள் அம்மாவும் வாங்கியதில்லை.

"மறந்தே போனன்," என்றார் மாமா. "நான்தானே கொண்டுபோய்க் குடுக்கிறன். இஞ்சை பூனை மணந்து பாத்திட்டுப் போற சூடை மீனை அங்கை பவுண் விலைக்கு விக்கிறாங்கள். விளைமீன் எண்டால் கேக்கவே வேண்டாம்."

விலையைச் சொன்னார். ஜெரிசன் அடித்தான். வவுனியா ஒரேயடியாய் ஏறியது.

"முடிஞ்சுது," என்றார் அப்பா. "கிளிநொச்சி."

"அப்ப நான் அங்கை மீன் தின்னமாட்டன்," என்றாள் லவீனா.

"பாரன். சைவத்துக்கு மாறிறாவாம்," என்றான் ஜெரிசன். "உங்கடை மனேச்சரும் இணுவில் சைவக்காரர்தானே. அவரின்ரை சொந்தத்துக்கை மாப்பிள்ளை பாத்திட்டியோ?"

"வாயை மூடு அண்ணை."

"குருநகர்ப் பெட்டை கத்தரிக்காய் திண்டு சீவிக்கப் போறாளாம். மாமா, கேட்டியளே?"

மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். லவீனா எழுந்தாள்.

"சரி. மீனுக்கு விலை போடுவம். அப்ப கிளிநொச்சிப் பக்கமும் போடு."

"கிளிநொச்சி எண்டால் நீ வீட்டிலைதானே சாப்பிடுவாய். வீட்டிலை மீன் சும்மா."

"ஆர் சொன்னது?"

"என்ன ஆர் சொன்னது? நாங்கள் பிடிக்கிறம்."

"எதிலை பிடிக்கிறியள்? எஞ்சின் தவணை ஆர் கட்டுறது?"

ஜெரிசன் கைபேசியைப் பார்த்தான்.

"சொல்லன். நான் வேலைக்குச் சேர்ந்த மாசத்திலையிருந்து ஆர் கட்டுறது? இழுவைமடிப் படகுக்காரர் வலையை அறுத்தாங்கள், புது வலை ஆர் எடுத்தது? மீன் படாத கிழமையிலை மண்ணெண்ணெய்க்கு ஆரிட்டைக் கேட்டு வாறியள்? அதையெல்லாம் கிளிநொச்சிப் பக்கம் போடு."

அவன் போடவில்லை. அவள் குனிந்து கைபேசியைப் பறித்தாள். அவன் பிடிக்க எழும்பினான். அவள் சுவரோடு தள்ளி நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அடித்தாள். தவணை. வலை. எண்ணெய். அவளுக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. இப்போது கிளிநொச்சிதான் கூட. திரையை மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மாமா, நீங்கள்தானே எல்லா ஊரும் தெரிஞ்ச ஆள். இப்ப சொல்லுங்கோ. எந்த ஊர் மலிவு?"

மாமா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார். "உது வேறை கணக்குப் பிள்ளை."

"என்ன வேறை?"

"வீட்டுக்குக் குடுக்கிறதை ஆரும் செலவெண்டு சொல்லுவினமே?" என்றார் அப்பா. குரல் உயர்ந்திருந்தது. "பெத்து வளத்தவங்களுக்குக் கணக்குக் காட்டிறியோ?"

"வவுனியாவிலை மீன்காரனுக்குக் குடுத்தால் செலவு. இஞ்சை உங்களுக்குக் குடுத்தால் அதுக்கு என்ன பேர் அப்பா?"

"எடியே," என்றான் ஜெரிசன், "ஆருக்காக நாங்கள் கடலுக்குப் போறம்? உனக்கு நகை சேர்க்கத்தான்."

"நகையைக் காட்டு."

"என்ன?"

"சேர்த்த நகையைக் கொண்டுவந்து காட்டு. நான் இதிலை நிக்கிறன்."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா வீதியைப் பார்த்தார். அம்மா கத்தியை வைத்துவிட்டு மீன் கழுவிய தண்ணீரை முற்றத்தில் ஊற்றினாள். காகங்கள் இறங்கின.

லவீனாவின் சொந்தக் கைபேசி அடித்தது. மேலாளர் கேதீஸ்வரன். அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினாள்.

"லவீனா, உங்கடை பேரைக் கிளிநொச்சிக்குப் போட்டிட்டன். நீங்கள் வீட்டிலை இருந்தே போய் வரலாம். செலவில்லைத்தானே. ஒருக்கால் சொல்லிவிடுவமெண்டு எடுத்தனான்."

"ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள், சேர்?"

"இல்லை, பொம்பிளைப் பிள்ளை. வீட்டுக்கும் அதுதான் விருப்பமாயிருக்கும் எண்டு…"

"ஒரு மணி வரைக்கும் நேரம் தந்தனீங்கள். இன்னும் ஒரு மணியாகேல்லை. வெட்டிப்போட்டு வவுனியா எண்டு போடுங்கோ."

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டிலை கதைச்சிட்டியளோ?"

"கதைச்சிட்டம். எல்லாரும் இதிலைதான் இருக்கினம்."

அவள் தொடர்பைத் துண்டித்தாள். அண்ணனின் கைபேசியை அவன் மடியில் போட்டாள். அவன் அதைத் தொடவில்லை. மாமா எழுந்து, லொறியை வெயிலில் விட்டிருப்பதாகச் சொன்னார், ஆனால் போகவில்லை.

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "எப்ப போக வேணும் பிள்ளை?" என்று மெல்லக் கேட்டாள்.

"முதலாந் திகதி."

அப்பா எழுந்து நின்றார். சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். மகளைக் கடந்து வாசல் வரைக்கும் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"போறதெண்டால் போ," என்றார். "நான் மறிக்கேல்லை. எஞ்சின் தவணையை மட்டும் நிப்பாட்டிப்போடாதை."

லவீனா வாசலுக்குப் போனாள். அவர் முதுகுக்கு நேரே நின்றாள்.

"அப்ப, இவ்வளவு நேரமும் வீட்டிலை வைச்சிருக்கப் பாத்தது என்னையோ அப்பா, என்ரை சம்பளத்தையோ?"