நம்மாள் பிடுங்கிய பல்

"அவங்க கையை என் வாய்க்குள்ள விடணுமா? செத்தாலும் மாட்டேன்!"

மாமனார் தட்டைத் தள்ளிவிட்டார். வலது கன்னம் பூசணிக்காயாய் வீங்கியிருந்ததால் பாதி வார்த்தைகள் உள்ளேயே நின்றுவிட்டன. மருமகளுக்குப் புரிந்தது. அவள் வேலை பார்ப்பது பல் ஆஸ்பத்திரியில். வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதி உள்ளே அனுப்புவாள். அங்கே டாக்டரம்மா வேற்று இனத்துக்காரர். வில்லங்கம் அதுதான்.

"அவங்க உங்களுக்கு என்ன மாமா பண்ணினாங்க?"

"ஒண்ணும் பண்ணலை."

"அப்புறம்?"

"பண்ண விட்டாத்தானே! அவங்க ஜனமே அப்படித்தாம்மா. எங்கப்பா சொல்லியிருக்கார்."

"அவருக்கு அவங்கள்ல யாரைத் தெரியும்?"

"ஒருத்தரையும் கிட்ட சேர்த்ததில்லை. அதனாலதான் கடைசிவரைக்கும் பத்திரமா இருந்தார்."

மகன் செய்தித்தாளுக்குள் தலையை இன்னும் கொஞ்சம் நுழைத்துக்கொண்டான்.

இரண்டு பஸ் மாறிப் போய் 'நம்மாள்' டாக்டர் ஒருவரை மாமனார் கண்டுபிடித்தார். டாக்டர் பூர்வீகம் விசாரித்தார். தூரத்து உறவு ஒன்றும் அகப்பட்டது. அந்த ஜனம் எல்லா இடத்தையும் வளைத்துப் போடுவதைப் பற்றி இருவரும் மனம்விட்டு வருத்தப்பட்டார்கள். பேச்சு மும்முரத்திலேயே டாக்டர் பல்லைப் பிடுங்கிவிட்டார்.

வீட்டில் மாமியார் விளக்கைப் பிடித்து அவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, சொத்தைப் பல்லு அப்படியே இருக்கே! பக்கத்துல இருந்த நல்ல பல்லையில்ல காணோம்!"

"போகட்டும் விடு. போனாலும் நம்மாளு கையால போச்சு."

மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. தண்ணீர்கூட இறங்கவில்லை. நம்மாள் டாக்டருக்குப் போன் போட்டால் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். மகனும் மருமகளும் அவரை வண்டியில் ஏற்றினார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறக்கவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

"பயப்படாதீங்க ஐயா. வலிச்சா கையைத் தூக்குங்க" என்றார் டாக்டரம்மா, மாமனார் பேசும் பாஷையிலேயே.

அவர் கையைத் தூக்கவில்லை. பயத்தில் டாக்டரம்மாவின் அங்கி நுனியைப் பிடித்தவர், சீழ் வடிந்து பல் வெளியே வரும்வரை விடவில்லை. டாக்டரம்மாவும் விடுவித்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மாவின் மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கும் ஆறிக் கிடந்தது.

மறுநாள் காட்டப் போனபோது மாமனார் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "நல்லா பண்ணினீங்கம்மா. உங்களைப் பார்த்தா அவங்க ஆளு மாதிரியே தெரியலை!"

கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரம்மா துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். இந்தப் பாராட்டு அவருக்குப் புதிதில்லை போலும். "ரெண்டு நாளைக்குச் சூடா எதுவும் குடிக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். மருமகளுக்குத்தான் தலை நிமிரவில்லை.

அடுத்த நாள் காலை, பக்கத்து வீட்டுக்காரரிடம் மாமனார் வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவுக்கு எங்கேயோ நம்ம ரத்தம் கலந்திருக்கணும் சார். இல்லேன்னா இவ்வளவு நல்ல மனசு வராது."

வேலைக்குக் கிளம்பிய மருமகள் செருப்பை மாட்டியபடி கேட்டாள். "அப்போ உங்க நல்ல பல்லைப் பிடுங்கினாரே மாமா, அவருக்குள்ள யாரு ரத்தம்?"

மாமனார் தடுமாறினார். "அது... ஏதோ கை தவறிப்போச்சு. அவரும் மனுஷன்தானேம்மா!"

"அந்தம்மாவும் மனுஷிதான் மாமா."

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். உள்ளே அடுப்படியில் மாமியார் வாய்விட்டுச் சிரித்த சத்தம் தெருமுனைவரை கேட்டது.