நாய் மாதிரி உட்கார்ந்த யானை

யானை செய்வதற்கு முன்னால் ஒரு யானையையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று கத்திரிக்குத் தோன்றவே இல்லை. அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

பொம்மைப் பட்டறையில் அவளுக்குக் கத்திரி என்று பேர். சுண்ணக்கட்டியால் கோடு போடாமலே துணியை வெட்டுவாள், ஒரு நூல் பிசகாது. பேர் வந்து என்ன பிரயோஜனம்? மூன்று வருஷமாகக் கரடிகளின் வயிற்றில் பஞ்சு அடைக்கத்தான் விட்டிருந்தார்கள். தும்மினால் பஞ்சு, இருமினால் பஞ்சு. போன மாதம்தான் சாம்பிள் மேசைக்கு மாற்றினார்கள். புதுப் பொம்மைக்கு அட்டையில் அளவு வெட்டி, முதல் பொம்மையைத் தைத்துக் காட்டுகிற மேசை அது. அங்கே அவள் சொந்தமாகச் செய்த முதல் பொம்மை, உட்கார்ந்திருக்கும் யானை.

உட்கார்ந்திருக்கும் நாய்க்குப் பட்டறையில் ஏற்கெனவே அட்டை இருந்தது. நன்றாக விற்கிற நாய். கத்திரி அந்த அட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினாள், முன்னால் தும்பிக்கை வைத்தாள், பக்கத்துக்கு ஒன்றாக முறம் மாதிரி காது தைத்தாள். யானை தயார். பார்த்தவர்கள் எல்லாரும் அதன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். வாங்குகிற கம்பெனி மட்டும் பெட்டியைப் பிரித்த கையோடு திருப்பி அனுப்பிவிட்டது.

"முன்னாடி யானை, பின்னாடி நாயாம்." முதலாளியம்மா பொம்மையைப் புரட்டிக் காட்டினார். "யானை இப்படியா பின்னங்கால மடிச்சு உக்காரும்? நீ யானையப் பாத்திருக்கியா இல்லியா?"

"படத்துல பாத்திருக்கேன்மா."

"படத்துல நான் நிலாவையே பக்கத்துல பாத்திருக்கேன். நேர்ல போய்ப் பாரு. திங்கக்கிழமை காலையில ஒழுங்கான பின்னங்காலோட அட்டை என் மேசையில இருக்கணும். இல்லைன்னா உன் கரடியெல்லாம் உனக்காகத்தான் வயித்தத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கு."

போனில் தேடினாள். ஆயிரம் யானை வந்தது. ஆயிரத்தின் முன்னாலும் யாரோ ஒருத்தர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். யானையின் பின்பக்கத்தைப் படம் எடுக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் ஆற்றங்கரை யானை முகாமுக்கே போன் போட்டுக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் யானைக் குளியல் உண்டாம். பத்து மணிக்குக் கரையில் படுக்க வைத்துத் தேய்ப்பார்கள், உட்காரும் எழும் எல்லாம் செய்யும். பதினொரு மணிக்கு ஆழத்தில் இறக்கிவிடுவார்கள். பன்னிரண்டுக்குக் கொட்டடி.

பஸ் மத்தியானம்தான் போய்ச் சேரும். அதனால் தனி வண்டி பிடித்தாள். 'யானைகளும் பண்பாட்டுச் சின்னங்களும், ஒரு நாள் பயணம்' என்று போட்டிருந்தது. பண்பாடு அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், யானை இருக்கிறதல்லவா. தனி வண்டி என்றால் நம் இஷ்டம்தானே.

வீட்டில் சொன்னது இரண்டாவது தப்பு.

"நாலு பேர் போற வண்டியில நீ ஒருத்தி கால நீட்டிக்கிட்டுப் போவியா?" என்றாள் அம்மா. "நான் அரண்மனை பாத்ததே இல்ல."

"அம்மா, நான் வேலையாப் போறேன்."

"நீ வேலையப் பாரு, நான் அரண்மனையப் பாக்கறேன். என்னை இடுப்புலயா தூக்கிக்கிட்டுப் போகப் போற?"

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் விஷயம் அடுத்த தெருவில் இருக்கிற பெரியப்பாவுக்கும் போய்விட்டது. பெரியப்பாவுக்கு உடம்பில் முட்டி இரண்டைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக வேலை செய்தது. வாய் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தது. "நான் வரலைன்னா உங்களுக்கு யாரு விளக்கிச் சொல்றது?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் செருப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குக் கிளம்பி, பெரியப்பாவின் கண்ணாடிக்காக ஒரு தடவை, கண்ணாடிக் கூட்டுக்காக இன்னொரு தடவை திரும்பி வந்து, ஏழேகாலுக்கு மறுபடி கிளம்பினார்கள். கத்திரி முன் சீட்டில் உட்கார்ந்து, பையிலிருந்த அளவு நாடாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணா, நேரா யானை. பத்து மணிக்கு அங்க இருக்கணும்."

டிரைவர் வெள்ளைச் சட்டையில் சுருக்கம் விழாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த ஒரு தாளைத் தட்டினார். "யானை மூணாவது கட்டம் மேடம்."

"கட்டமா?"

தாளில் ஐந்து கட்டம். அரண்மனை, அருங்காட்சியகம், யானை, மணிக்கூண்டு, நடன அரங்கு. ஒவ்வொரு இடத்திலும் ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"முதல்ல யானை பாத்துட்டு, மத்ததெல்லாம் அப்புறம் பாத்தா வானம் இடிஞ்சு விழுந்துருமா?"

"வானம் இடியாது மேடம். ஆனா ரெண்டாவது கட்டம் காலியா இருந்தா மூணாவதுல போட மாட்டாங்க. போடாத தாளோட போய் நின்னா ஆபீஸ்ல என்னை நிக்க வச்சுக் கேப்பாங்க. யானை எங்க ஓடிடப் போகுது? அது என்ன ஆடா?"

"தனி வண்டின்னா நம்ம இஷ்டம்னு..."

"வண்டி உங்க இஷ்டம் மேடம். ஏசி கூட்டணுமா, குறைக்கணுமா?"

அரண்மனைக்கு எட்டு மணிக்கே போய்விட்டார்கள். எட்டரைக்குத்தான் கதவு திறந்தது. கையெழுத்துப் போடுகிறவர் ஒன்பதுக்கு வந்தார், வந்தவர் பேனாவைக் காணோம் என்றார். கத்திரி தன் பேனாவைக் கொடுத்தாள். "பாக்காமலே கையெழுத்தா?" என்று அவர் சந்தேகமாகப் பார்க்க, "அதானே, பாத்துட்டே வந்துருவோம்," என்று அம்மா செருப்பைக் கழற்றினாள். அரண்மனையில் எழுபத்திரண்டு தூண். பெரியப்பா எண்ணினார். நடுவில் அம்மா ஏதோ கேட்க, விட்ட இடம் மறந்துபோய் முதலிலிருந்து எண்ணினார்.

அருங்காட்சியகத்தில் சுவரெல்லாம் முகமூடி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குறிப்பு. பெரியப்பா ஒவ்வொரு குறிப்பையும் வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு அதையே தன் சொந்த வார்த்தையிலும் சொன்னார்.

"பெரியப்பா, மணி பத்தாகப் போகுது."

"கோபத்துக்கு ஒரு முகமூடி இருக்கு பாரு, அப்படியே உன் ஜாடை!"

"பெரியப்பா!"

"பாத்தியா பாத்தியா, இப்ப இன்னும் பொருத்தம்."

வெளியே வரும் வழியில் படம் விற்கிற கடை. ஆள் உயர அரண்மனைப் படம், சுருட்டிக் கொடுக்கிறார்கள். காலையில் எடுத்ததா, சாயங்காலம் எடுத்ததா என்று பெரியப்பாவால் முடிவு பண்ண முடியவில்லை. காலைப் படத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது, சாயங்காலப் படத்தில் தூண் எல்லாம் தெரிந்தது. கத்திரி வாசலில் நின்று நகத்தைக் கடித்தாள். ஒரு கை நகம் முடிந்து அடுத்த கைக்குப் போனாள். அரை மணி நேரம் கழித்து, பெரியப்பா சாயங்காலத்தோடு வெளியே வந்தார்.

முகாமுக்குப் போய் வண்டி நின்றபோது மணி பதினொன்று இருபது.

கத்திரி கதவைத் திறந்த வேகத்தில் ஓடினாள். கரை ஈரமாக இருந்தது. யானை படுத்து எழுந்த பள்ளம், தேய்த்த நுரை, பிய்ந்த நார் எல்லாம் இருந்தது, யானையைத்தான் காணோம். ஆற்றின் நடுவில் சாம்பல் நிறத்தில் இரண்டு மேடு. மேடு ஒன்று காதை ஆட்டியது.

கரையில் பாகன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அரைக்கால் சட்டை, தோளில் ஈரத் துண்டு.

"அண்ணா! அதுங்கள உக்காரச் சொல்லுங்கண்ணா!"

"எதுக்கும்மா?"

"உக்காரும்போது பின்னங்கால் எப்படி மடங்குதுன்னு பாக்கணும்."

பாகனிடம் இதுவரை வந்தவர்கள் வயசு கேட்டிருக்கிறார்கள், எடை கேட்டிருக்கிறார்கள், பின்னங்கால் கேட்டது இவள்தான் முதல் ஆள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாயில் கையைக் குவித்து ஒரு சத்தம் கொடுத்தார். ஒரு மேடு மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கியது. முதுகு போயிற்று, காது போயிற்று, கடைசியில் வழுக்கை மண்டையும் தும்பிக்கை நுனியும் மட்டும் மிஞ்சின.

"உக்காந்திருச்சு," என்றார் பாகன் பெருமையாக.

"எங்கண்ணா? ஒண்ணும் தெரியலையே!"

"தண்ணிக்குள்ள உக்காந்திருக்கும்மா. சத்தியமா."

"கரையேறினதும் ஒரு தடவை உக்கார வைங்கண்ணா. ஒரே ஒரு தடவை."

"ஏறினா நேராக் கொட்டடிதான். அங்க தீனி வச்சிருக்கும். தீனிக்குப் போற வழியில உக்காருன்னா அதுக்குக் கோபம் வரும், எனக்கு வேலை போகும்."

"சரி, எப்படி மடங்கும்னு வாயாலயாவது சொல்லுங்க."

பாகன் யோசித்தார். ஒரு கையை மடித்தார், அது முன்னங்கால் மாதிரி இருக்கிறதென்று இன்னொரு கையை மடித்தார். பிறகு இரண்டையும் உதறினார். "இருபது வருஷமாப் பாக்கறேன். சொல்லுன்னா வர மாட்டேங்குது. மடங்கற மாதிரிதான் மடங்கும், போ."

அதற்குள் அம்மாவும் பெரியப்பாவும் மெல்ல வந்து சேர்ந்தார்கள். படச் சுருள் பெரியப்பாவின் கக்கத்தில் இருந்தது.

"அடடே, குளிக்குது! யானையப் பத்தி ஒண்ணு சொல்லவா? யானைக்கு..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்!" கத்திரியின் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. "தூண எண்ணினீங்க. போர்டு படிச்சீங்க. ஒரு படம் வாங்க அரை மணி நேரம். நாளைக்கு நான் திரும்பவும் கரடி வயித்துல கைய விட்டுக்கிட்டு உக்காரப் போறேன். ஒரு கால், ஒரே ஒரு கால் பாக்கத்தான் வந்தேன். எனக்குன்னு மூணு வருஷத்துல ஒண்ணு கிடைச்சுது பெரியப்பா. அதையும் யானை வாயில போன கரும்பாக்கிட்டீங்க."

"பெரியவங்ககிட்ட இப்படியாடி..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

பெரியப்பாவின் கை தளர்ந்தது. சுருள் கக்கத்திலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்து ஓரடி உருண்டது. கத்திரி எடுக்கவில்லை. எடுக்கிற மனசு அவளுக்கு அப்போது இல்லை. பெரியப்பாவே இறங்கினார். அவரால் குந்த முடியாது. முதலில் முன்னால் குனிந்து இரண்டு கையையும் தரையில் ஊன்றினார். ஒரு முட்டியைத் தரையில் வைத்தார். 'அப்பா' என்றபடி இன்னொரு முட்டியை வைத்தார். கெண்டைக்கால் இரண்டும் பின்னால் தரையோடு படுத்துக்கொள்ள, செருப்பின் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்தது. தொளதொள பேன்ட் முட்டிக்குப் பின்னால் மூன்று மடிப்பாக விழுந்தது.

"இதோ!" பாகன் கத்திய கத்தலில் அம்மா இரண்டடி பின்வாங்கினாள். "இதோ பாரும்மா! இதேதான்! பின்னங்கால் இப்படித்தான்! நாய்க்கு, மாட்டுக்கெல்லாம் வேற மாதிரி. யானை மனுஷன் மாதிரிதான் முட்டி போடும். உங்க பெரியப்பா மாதிரியே, அச்சு அசல்!"

பெரியப்பா நாலு காலில் இருந்தபடியே தலையைத் திருப்பினார். "யாரு, யாரு மாதிரி?"

கத்திரி ஏற்கெனவே சேற்றில் மண்டியிட்டிருந்தாள். "பெரியப்பா, எழுந்திருக்காதீங்க!"

"எழுந்திருக்க முடிஞ்சாத்தானேடி!"

"இந்த மடிப்பும் சரியாண்ணா?"

"மடிப்பு, தொளதொளப்பு எல்லாம் சரி. இன்னும் கொஞ்சம் குண்டாப் போட்டுக்கோ."

வரையக் காகிதம் வேண்டும். பெரிதாக வேண்டும். கத்திரி சுருளைப் பிரித்து, அரண்மனை தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டாள். "இதுமேல முட்டிய வைங்க."

"அது சாயங்கால வெளிச்சம்டி!"

"வைங்க பெரியப்பா."

வைத்தார். முதலாளியம்மாகூட அந்தக் குரலை எதிர்த்துப் பேசியிருக்க மாட்டார். முட்டியிலிருந்து குதிகால் வரை பென்சிலால் ஓட்டினாள், நாடாவைப் பிடித்தாள், தொடை இறங்குகிற கோணத்தைக் குறித்தாள். பென்சில் கூசியதில் பெரியப்பா சிரித்தார். சிரித்ததில் கோடு ஆடியது. அதட்டி, அழித்து, மறுபடி போட்டாள். நாய் அட்டையில் வட்டமாக வெட்டிய தொடை எவ்வளவு பெரிய அபத்தம் என்று இப்போது தெரிந்தது. அந்த வட்டத்தையே தூக்கிவிட வேண்டும். தொடை நேராக இறங்க வேண்டும், பாதம் பின்னால் தெரிய வேண்டும், பாதத்தில் நகம் தைக்கலாம். கை பரபரத்தது.

பின்னால் தண்ணீர் சளசளத்தது. இரண்டு யானையும் கரையேறி, அவர்களைத் தாண்டித் தீனியைப் பார்த்து நடந்தன. ஈரப் பின்னங்காலில் தோல், பெரியப்பா பேன்ட் மாதிரியே மடிந்து மடிந்து விரிந்தது. கத்திரி நிமிர்ந்து ஒரு தடவை யானையைப் பார்த்தாள், ஒரு தடவை பெரியப்பாவைப் பார்த்தாள், கோட்டை அரை விரல் அகலம் தள்ளிப் போட்டாள்.

டிரைவரும் பாகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெரியப்பாவைத் தூக்கி நிறுத்தினார்கள். பாகன் மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்தது மணிக்கூண்டு மேடம். அப்புறம் நடனம்."

"வீட்டுக்கு விடுங்கண்ணா. நான் இதை வெட்டணும்."

"நாலாவது கட்டம், அஞ்சாவது கட்டம் மேடம்."

கத்திரி வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா தாளை வாங்கினார். பேன்ட்டில் இரண்டு முட்டியிலும் சேறு வட்டமாக அப்பியிருந்தது. "தம்பி, கூட வந்தவங்களுக்கு உடம்புக்கு முடியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"கட்டத்துல அவங்க அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும் சார்."

பெரியப்பா கண்ணாடியை எடுத்து மாட்டி, இரண்டு கட்டத்திலும் பொறுமையாக எழுதினார். எழுதியதை வழக்கம்போல வாய்விட்டுப் படித்தார். "யானைக்கு முட்டி வலி."

"பெரியப்பா, நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது..."

"படத்த மடிக்காம சுருட்டு. பின்பக்கம் உன்னுது. முன்பக்கம் என்னுது. வெட்டறதுக்கு முன்னாடி என் தூணுக்கு ஒரு வழி சொல்லு."

அதுவரை கத்திரி அதை யோசிக்கவே இல்லை. அரண்மனையை வெட்டாமல் அந்தக் காலை வெட்ட முடியாது.

"அடியே, யானையோட ஒரு படம் எடுக்கலையேடி," என்றாள் அம்மா, வண்டி கிளம்பிய பிறகு.