நெஞ்சில் ஒரு நுளம்பு

வாய்க்கரிசித் தட்டைப் பிடித்தபடி பெட்டியின் தலைமாட்டில் நின்ற ஜெயமலர், வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் அந்தக் கிழவர் நிற்பதைக் கண்டாள். வரமாட்டார் என்று இரண்டு நாளாகத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். வரவேண்டாம் என்று நேரே சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

கிழவரின் பெயர் அமான். ஓய்வுபெற்ற தபால்காரர். முந்தாநாள் தொலைபேசி எடுத்து, "சிறீயைப் பற்றி இரண்டு நிமிடம் பேசலாமா? கிளப்பிலிருந்து எட்டுப் பேர் வர விரும்புகிறோம்" என்று அவளுக்கு விளங்கும்படி ஜெர்மனை நிறுத்தி நிறுத்திக் கேட்டார். மண்டபம் ஒன்றரை மணித்தியாலத்துக்குத்தான் கிடைத்திருக்கிறது, கிரியைக்கே நேரம் காணாது, சொந்தக்காரர் மட்டும்தான் என்று மூன்று சாட்டுகளை ஒரே மூச்சில் அடுக்கினாள். கிழவர், அப்படியென்றால் தான் மட்டும் வரலாமா என்றார். கணவனின் உயிர் போனபோது தலையை மடியில் தாங்கியிருந்த மனிதரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூடாது என்பது?

மண்டபத்தில் சுவிஸின் சூக் நகரத்துத் தமிழ்ச்சனம் முக்கால்வாசியும் நின்றது. எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்றுதான். சிறீதரன் சனிக்கிழமை ஓவர்டைம் துப்பரவு வேலைக்குப் போன இடத்தில், யன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்றபோது நெஞ்சடைத்து விழுந்தார். உழைத்து உழைத்தே போய்ச்சேர்ந்த மனிதன் என்று பெண்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அந்தக் கதையைச் சோடித்தவள் ஜெயமலர். அவர் விழுந்தது லோர்ட்சே ஆற்றங்கரையில், முழங்காலளவு ஈரத்தோடு, கையில் தூண்டிலோடு.

தூண்டில் என்றால் புழுக் குத்திப் போடுகிற தூண்டில் இல்லை. ஞாயிறு காலையில் குசினி மேசையில், யன்னல் வெளிச்சம் விழுகிற பக்கமாக, ஒரு சின்ன இடுக்கியைப் பூட்டுவார். அதில் அரை அரிசி அளவு தூண்டில் முள்ளு ஒன்றைக் கொளுவி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நூலைச் சுற்றி, சேவலின் கழுத்திறகில் ஒரேயொரு இழையைச் சேர்த்து, அசல் கொசுவைப்போலவே நுளம்பு ஒன்றைக் கட்டி எடுப்பார். ஆற்று மீனுக்குச் சில நாட்களில் அந்தளவு சின்னப் பூச்சிதான் வேண்டுமாம். ஒரு சுற்று கூடிப்போனாலும் திரும்பியும் பார்க்காதாம். முப்பது வருடம் மருந்துத் தண்ணீரில் ஊறி வெடித்த கை அது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது நடுங்கும். நுளம்பு கட்டும்போது நடுங்காது. "இஞ்சேரும், ஒருக்கா வந்து பாருமன்" என்று கூப்பிடுவார். "எனக்கு வேலை கிடக்கு" என்பாள் அவள். ஒருநாளாவது போய்க் குனிந்து பார்த்தவள் இல்லை.

தொடக்கத்தில் அவளுக்கும் இதில் ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை. தெரியாத்தனமாக அண்ணன் தம்பித்துரையிடம் சொன்னதோடு வந்தது வினை. பிரெஞ்சு பேசுகிற நொஷாட்டலில் கோயில், சங்கம் என்று முன்னுக்கு நிற்கிற மனிதர். மகள் ஜெனனியின் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு வந்தவர், சபை நடுவில் சத்தமாகக் கேட்டார்.

"என்ன மச்சான், எப்ப கடலுக்குப் போறியள்? ஒரு வலை வாங்கித் தரட்டோ? நாங்கள் மீன் வாங்கிற ஆக்கள் ஐசே, பிடிக்கிற ஆக்கள் இல்லை."

சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. சிறீதரனும் சேர்ந்து சிரித்தார். ஜெயமலரைத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று தொடங்கி, கேட்பவர்களுக்கு அவருடைய சனிக்கிழமைகள் எல்லாம் ஓவர்டைம் ஆகிவிட்டன. அவர் கொண்டுவந்த மீனையே பொரித்து அண்ணனுக்கு வைத்த நாளும் உண்டு. "நல்ல மீன் பிள்ளை, எங்க வாங்கினனி?" என்று அண்ணன் கேட்டார். கடையில் என்றாள். சிறீதரன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கிழவர் பெட்டியருகே வந்துவிட்டார். முன்னால் போனவர்களைப் பார்த்து வைத்திருந்தபடி, மூன்று விரலால் அரிசி எடுத்து, ஒரு மணியும் சிந்தாமல் சிறீதரனின் வாயருகே வைத்தார். தம்பித்துரை எட்டி வந்தார்.

"ஆர் பிள்ளை இந்த வெள்ளை?"

"இவற்ற வேலையிடத்து ஷெஃப் அண்ணை."

கிழவரை வேலைத்தலத்து மேலதிகாரியாக்கி, நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. அண்ணன் நிமிர்ந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணனுக்குப் பிரெஞ்சு, கிழவருக்கு ஜெர்மன். நடுவில் அவள்.

"இவரோ கடைசியாப் பக்கத்தில நிண்டவர்? எப்பிடி நடந்ததெண்டு கேள் பிள்ளை. சனம் கேக்குது, நான் என்னத்தைச் சொல்ல?"

தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டதும் கிழவர் குனிந்து அவள் காதருகே சொன்னார். அன்று தண்ணீரில் பூச்சி இறங்கியிருந்தது. மற்றவர்கள் கண்ணாடி போட்டும் முள்ளில் நூலைக் கோர்க்க முடியாமல் திட்டிக்கொண்டிருந்தார்கள். சிறீ கண்ணாடி இல்லாமல் முதல் தரத்திலேயே கோர்த்துவிட்டு, அமானைப் பார்த்துச் சிரித்தார். ஒரு மீன் எடுத்தார். அதன் பிறகு களைக்கிறது என்று கரைக் கல்லில் இருந்தார். அவ்வளவுதான். "எங்கள் கிளப்பில் பாதிப் பேர் அவர் கட்டியதைத்தான் போடுகிறோம். அப்படியொரு கையை நான் கண்டதில்லை."

"என்னவாம்?" என்றார் அண்ணன்.

"கண்ணாடி துடைச்சுக்கொண்டு நிண்டவராம். களைக்குதெண்டு கதிரையில இருந்தவராம்." ஜெயமலர் கிழவரைப் பார்க்காமல் தொடர்ந்தாள். "இவரைப்போல துப்பரவா வேலை செய்யிற ஆள் இல்லையாம்."

"பாத்தியளோ, ஷெஃப்பே வந்து சொல்லுறார்" என்று அண்ணன் பின்னால் நின்றவர்களுக்கு எடுத்துச் சொல்லப் போனார். தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெனனிக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. அவள் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

கிழவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு நுளம்பு. "இது அன்றைக்கு அவருடைய நூலில் இருந்தது. நான்தான் வெட்டி எடுத்தேன். அவரோடு போகட்டுமே?" அவளுடைய சம்மதத்துக்காக அவர் காத்து நின்றார். இந்தப் பொட்டளவு சாமானை யார் காணப்போகிறார்கள் என்று அவள் தலையாட்டினாள். கிழவர் அதைச் சிறீதரனின் கோட்டின் இடப்பக்கத்தில் கவனமாகக் குத்திவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

அண்ணன் மனைவி கஜலக்சுமிக்குக் கழுகுக் கண்.

"ஐயோ, நெஞ்சில நுளம்பு! மச்சாள், தட்டிவிடுங்கோ, தட்டிவிடுங்கோ!"

பத்துத் தலைகள் பெட்டிக்குள் குனிந்தன. "நுளம்போ? அசையக் காணேல்லை" என்று அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். அந்தக் கை முள்ளில் பட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஜெயமலரின் கை முந்திக்கொண்டது. நகத்தால் ஒரு சுண்டில் அது பெட்டிக்கு வெளியே தெறித்தது.

"பறந்து போட்டுது" என்றாள்.

கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

அதன் பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. பெட்டியை மூடினார்கள். ஜெனனி கொள்ளிக்கென்று பொத்தானை அழுத்தினாள். உலையின் கதவு திறந்து, பெட்டி உள்ளே போய், கதவு மூடியது. சனம் வாசலில் வரிசையாகக் கைகூப்பிப் போனது. கடைசி ஆட்களில் ஒருவராக அமான் வந்தார்.

"என்னை மன்னியுங்கள். உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது. இறந்தவர் மேல் அதை வைக்கக் கூடாது போலிருக்கிறது. உங்களுக்குச் சங்கடம் தந்துவிட்டேன்."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். ஜெயமலருக்குக் காதும் முகமும் பற்றி எரிந்தன. பதினொரு வருடமாகக் கணவனைப் பற்றிச் சொல்லாத பொய் இல்லை. கடைசியில் அவருடைய நெஞ்சிலேயே கை வைத்து ஒரு பொய் சொன்னாள். அதற்கும் வேறொருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார்.

அவள் திரும்பி மண்டபத்துக்குள் போனாள். பெட்டி இருந்த இடத்தில் வெள்ளைச் சேலையோடு மண்டியிட்டு, தரைவிரிப்பைக் கையால் தடவத் தொடங்கினாள். கஜலக்சுமியும் வேறு இரண்டு பெண்களும் ஓடி வந்தார்கள்.

"என்ன மச்சாள், தோடு விழுந்திட்டுதோ? எந்தப் பக்கம்?"

அவர்களும் குனிந்து தேடினார்கள். தம்பித்துரை வந்து தலைக்கு மேலே நின்றார். "விடு பிள்ளை, தோடு போனால் போகட்டும்."

"தோடில்லை அண்ணை. இவர் கட்டின தூண்டில்."

"என்ன?"

"அது நுளம்பில்லை. இவர் வேலையில சாகேல்லை. ஆத்தில மீன் பிடிச்சுக்கொண்டு நிண்டு செத்தவர். அந்த மனிசன் ஷெஃப்பும் இல்லை, இவற்ற கூட்டாளி. நான்தான் முழுக்கப் பொய் சொன்னனான்."

அண்ணன் சுற்றிவரப் பார்த்தார். "மெல்லக் கதை பிள்ளை. சனம் நிக்குது."

"நிக்கட்டும்."

குனிந்து தேடிய பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். இதைக் கேட்டிருக்கவேண்டிய மனிதர் இந்நேரம் பஸ் ஏறியிருப்பார். கேட்டிருந்தாலும் அவருக்குத் தமிழ் விளங்கப்போவதில்லை.

ஜெனனி பக்கத்தில் வந்து மண்டியிட்டு, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைத் தரையோடு பிடித்தாள். விரிப்பும் சாம்பல் நிறம். மண்டபத்துப் பொறுப்பாளர் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அடுத்த செத்தவீட்டுச் சனம், வேறொரு சாவுக்கான பூக்களோடு, பொறுமையாகக் காத்து நின்றது.

ஜெயமலர் தடவுவதை விட்டுவிட்டாள். அந்த முள்ளு எங்காவது ஓரிடத்தில் குத்தாதா என்று, உள்ளங்கையை அடி அடியாக நகர்த்தி, விரிப்பில் அழுத்தி அழுத்தி வைத்தாள்.