புருவத்துப் பிளாஸ்டர்

டோர்வல் விமான நிலையச் சமையற்கூடத்தில் வேலை முடிந்து வந்த யோசெப்பின் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, தொலைபேசி அடித்தது. அரச வழக்கறிஞருக்கு மொழிபெயர்க்கும் றொஷினி.

"அன்ரி, மேல்கோட்டிலை டிலக்ஷன்ர தீர்ப்பை உடைச்சுப்போட்டாங்கள். திரும்ப விசாரணையாம். ஆளைப் பிணையிலை விட்டாச்சு."

வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் தன் கணவன் மைக்கலைக் குத்தியவன் டிலக்ஷன் என்று நான்கு வருடங்களுக்கு முன் விரல் நீட்டிச் சொன்னவள் யோசெப்பின்தான். வேறு சாட்சி கிடையாது.

"அப்ப நான் பொய் சொன்னனான் எண்டோ?"

"இல்லை அன்ரி. உண்மையா நம்பிச் சொல்லுற சாட்சியும் ஆளை மாறிக் காட்டலாம், கவனமாப் பாருங்கோ எண்டு ஜட்ஜ் ஜூரிக்குச் சொல்லியிருக்கோணும். அவர் சாட்சி உறுதியா நிக்கிறா, அது போதும் எண்டிட்டார். அதுதான் பிழை. இந்தமுறை கட்டாயம் கேப்பினம், அந்த முகத்தை முதன்முதல் எங்கை கண்டனீங்கள் எண்டு."

வைத்த கையோடு அக்னெஸ் அக்கா எடுத்தாள். கோவிலில் யார் தும்மினாலும் அவள் காதுக்குப் போய்விடும்.

"கேள்விப்பட்டன் பிள்ளை. அந்தக் கசற்றைப் பற்றி மட்டும் வாய் திறக்காதை. நானும் மகனும் இப்ப வந்து எடுத்துக்கொண்டு போறம்."

கசற்றைப் பற்றி யோசெப்பின் மூச்சே விட்டிருக்கவில்லை. மகள் லக்சனா தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய நாள் விருந்தின் வீடியோ அது. மைக்கலை அடக்கம் செய்த கிழமை, செபமாலைக்கு வந்த சனம் அவனை ஒருமுறை பார்ப்போம் என்று அதைப் போட்டது. எங்கள் சனத்துக்குச் செத்த வீட்டிலும் வீடியோ வேண்டும்.

தேடி எடுத்துப் போட்டாள். மைக்கல் றோல்ஸ் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால், விருந்தின்போது அவள் கவனித்தே இராத டிலக்ஷன். இடது புருவத்தில் பிளாஸ்டர்.

குத்தியவனின் புருவத்தில் பிளாஸ்டர் இருந்தது என்று பைபிளைத் தொட்டுச் சொன்னவள் அவள். எனக்கு அப்போது காயமே இல்லை என்று டிலக்ஷன் அழுதான், ஒருவரும் நம்பவில்லை. வீடியோ எடுத்தது மே மாதம். மைக்கல் செத்தது ஆகஸ்டில். மூன்று மாதம் யார் பிளாஸ்டரோடு திரிவார்கள்?

ஒழுங்கையில் கண்ட முகத்தை நினைத்துப் பார்த்தாள். திரையில் நின்ற இந்த முகம்தான் வந்தது. ஒரு பெடியனின் நான்கு வருடத்தைத் தின்றுவிட்டேனே என்று வாய்விட்டு அழுதாள்.

செபமாலையன்று திரையைத் தொட்டுக் காட்டியது அக்னெஸ் அக்கா. "வடிவாப் பார் பிள்ளை, இவன்தான்." பக்கத்தில் அவளுடைய வளர்ந்த மகனும் நின்றான்.

வெளியே இரும்புப் படியில் இரண்டு பேரின் காலடி கேட்டது. யோசெப்பின் கதவைப் பூட்டினாள், கசற்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு றொஷினிக்கு எடுத்தாள்.

"பிள்ளை, நான் அந்த முகத்தை முதல் கண்டது ஒழுங்கையிலை இல்லை. பொலிஸ் படம் காட்ட முன்னமே வீடியோவிலை கண்டிட்டன்."

கதவு தட்டப்பட்டது. "நாங்கள்தான், திற," என்றாள் அக்னெஸ் அக்கா. பின்னால் மகன் இருமினான்.

இதுவரை நினைவுக்கே வராத, குத்தியவன் ஒழுங்கையில் இருமிய இருமல் அதுதான் என்று யோசெப்பினுக்கு உறுதியாகத் தெரிந்தது. டிலக்ஷனைக் காட்டியபோதும் அவள் இதே அளவு உறுதியாகத்தான் இருந்தாள்.